எங்க அம்மாயி இல்லத்தரசி இல்லைங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன தை மாசம் உங்க பேப்பர்ல உள்பக்கத்துல ஒரு கண்ணீர் அஞ்சலி வந்துச்சு. சின்ன விளம்பரம்தான். ஒரு வயசான அம்மா, ரெண்டு பக்கமும் மூக்குத்தி, ஆதார் கார்டுக்கு எடுத்த போட்டோவை பெருசு பண்ணி பின்னாடி நீலக் கலர் அடிச்சிருந்தாங்க. பேருக்குக் கீழ "இல்லத்தரசி, வயது 73"ன்னு இருந்துச்சு. அதுக்கு ஒரு திருத்தம் கேட்டுத்தான் இந்த லெட்டர் எழுதறேன். தப்பு உங்க மேல இல்லைங்க, எழுதிக் குடுத்ததே நான்தான். விளம்பர ஃபார்ம்ல தொழில்னு ஒரு கட்டம் இருந்துச்சு, என்ன போடறதுன்னு மாமாவைக் கேட்டேன், அவரு அழுத கண்ணோட "வீட்டுல தான கண்ணு இருந்துச்சு, இல்லத்தரசின்னு போட்டுரு"ன்னாரு, நானும் போட்டுட்டேன். அன்னிக்கு அது உறுத்தல. காரியமெல்லாம் முடிஞ்சு ஒரு வாரம் கழிச்சு வீடு ஒதுங்க வைக்கறப்ப அம்மாயியோட டிரங்கு பொட்டில இருந்து பால் பாஸ்புக் ஒரு கட்டு எடுத்தேன் பாருங்க, ரப்பர் பேண்டு போட்டு, மேல ஒரு மஞ்சப்பை சுத்தி, அப்பதான் சுருக்குன்னுச்சு.

அம்மாயின்னா எங்கம்மாவோட அம்மா. காங்கேயத்துக்கும் வெள்ளக்கோவிலுக்கும் நடுவால ஒரு சின்ன ஊரு. கல்யாணம் ஆகி 1969ல அந்த ஊருக்கு வந்தது, அப்புறம் எங்கயும் போகல, ஆனா கோயமுத்தூர் ஜில்லா, பெரியார் மாவட்டம், ஈரோடு மாவட்டம், 2009ல இருந்து திருப்பூர் மாவட்டம்னு அட்ரஸ் மட்டும் மூணு தடவை மாறிருச்சு. இதைச் சொல்லிச் சொல்லி சிரிக்கும்.

பூமி மூணு ஏக்கரா, எல்லாம் மானாவாரி மேட்டாங்காடு. அதுபோக ஒரு கொறங்காடு. இப்ப இருக்கற பசங்களுக்கு கொறங்காடுன்னா தெரியாது, சுத்தியும் கிளுவை வேலி, உள்ள கொழுக்கட்டைப் புல்லு, அங்கங்க வெள்வேல மரம், மாட்டை உள்ள விட்டுட்டு படலைச் சாத்திட்டு வந்துட்டா சாயங்காலம் வரைக்கும் ஆளே வேண்டாம். அந்தக் காஞ்ச காட்டுலதான் காங்கேயம் மாடு வளர்ந்துச்சு. அம்மாயி வந்தப்ப கட்டுத்தரைல ரெண்டு காங்கேயம் மாடுதானாம். நேரத்துக்கு ஒரு லிட்டர் கறந்தா பெருசு, அதுவும் கன்னு இல்லைன்னா மடியத் தொட விடாது. ஊட்டுக்கு மோராச்சு, நெய்யாச்சு, அவ்வளவுதான். பாலை விக்கறதுங்கறதே அப்ப அந்த ஊர்ல ஒரு மாதிரி கூச்சமான விசயமாம்.

1980ல ஊருக்கு பால் கூட்டுறவு சொசைட்டி வந்துச்சு, அதுக்குப் பின்னாடியே சினை ஊசியும் ஜெர்சியும். அப்புச்சிக்கு, அதாவது அம்மாயி வீட்டுக்காரருக்கு, இஷ்டமே இல்ல. "கொம்பு இல்ல, திமில் இல்ல, இது என்ன மாடா, எருமைக்கும் கழுதைக்கும் பொறந்த மாதிரி இருக்குது"ன்னாராம். அம்மாயி தாலிக்கொடில கோத்திருந்த ரெண்டு காசைக் கழட்டி அடமானம் வச்சு ஒரு கலப்புக் கெடேரி வாங்குச்சு. ஆனா சொசைட்டில சேத்துனது அப்புச்சி பேரைத்தான், உறுப்பினர் எண் 47. கையெழுத்துப் போட்டது அவரு, பால் பீச்சுனது அம்மாயி, சாணி வழிச்சது அம்மாயி, வெடியக்காலம் பால் பாத்திரத்தை, நாங்க போசிம்போம், தூக்கிட்டு போய் ஊத்துனது அம்மாயி. 2004ல அப்புச்சி போன பொறகுதான் அந்த 47ம் நம்பர் அம்மாயி பேருக்கு மாறுச்சு. அதாவது 24 வருசம் பால் ஊத்தி முடிச்சதுக்கு அப்புறம்.

நான் திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனில மெர்ச்சண்டைசரா இருக்கேன், கணக்குப் போடறது பொழப்பு, அதனால இதுக்கும் போட்டுப் பாத்தேன். 45 வருசம், ஒரு நாளைக்கு ரெண்டு நேரம், 32,850 தடவை. ஒரு மாடு வத்தக்கறவைல இருந்தாலும் இன்னொண்ணு கறவைல இருக்கும், அதனால லீவே இல்ல. காய்ச்சல்ல படுத்த நாள், எங்க மாமா பொறந்தப்ப பத்து நாள்னு கழிச்சாலும் முப்பத்திரெண்டாயிரத்துக்குக் குறையாது. எங்க கம்பெனில அஞ்சு வருசம் வேலை பாத்தா ஒரு கேடயம் தர்றாங்க.

வெடியக்காலம் நாலு மணிக்கு எந்திரிக்கும். லீவுக்குப் போனா நானும் கூடவே எந்திரிச்சு குந்திக்குவேன். மொதல்ல சாணிய வழிச்சு ஓரமாத் தள்ளிட்டு, தண்ணியை மடில அடிச்சு ஒரு துணில துடைக்கும். அப்புறம் கன்னை அவுத்து விடும். கன்னு ஓடி வந்து முட்டி முட்டி ஊட்டும், மாடு கண்ணை ஒரு மாதிரி சொருகி நிக்கும், காம்பு விறைச்சு மடி சொரக்கறது அந்த அரிக்கேன் வெளிச்சத்துலயே தெரியும். உடனே கன்னை இழுத்து தாய்க்கு முன்னாடி, அது நக்கற தூரத்துல கட்டும். ரெண்டு சொட்டு விளக்கெண்ணெய் உள்ளங்கைல தடவிக்கிட்டு, போசியை முழங்கால் இடுக்குல வச்சு, கட்டை விரலை மடக்கி பீச்ச ஆரம்பிச்சா சர்ரு சர்ருன்னு மொதல்ல தகரச் சத்தம், பாதி நெறையவும் சத்தம் மாறி புஸ் புஸ்ஸுன்னு நொரைக்குள்ள போற சத்தம். இருட்டுல சத்தத்தை வச்சே எத்தனை லிட்டர்னு சொல்லிரும். சொசைட்டில அளந்தா நூறு மில்லி முன்னப் பின்ன இருக்கும், அவ்வளவுதான்.

அந்தக் கட்டை விரல் கணு அம்மாயிக்கு பெரிய நெல்லிக்காய் மாதிரி புடைச்சிருக்கும். ரேஷன் கடைல கைரேகை வைக்கற மிஷின் வந்தப்ப அம்மாயிக்கு மட்டும் ரேகையே விழல. பத்து விரலையும் மாத்தி மாத்தி வச்சுப் பாத்தாங்க. கடைக்காரர் "என்ன பாட்டி ரேகையக் காணோம்"னு கேட்டதுக்கு "அதெல்லாம் மாட்டுக் காம்புல போயிருச்சுங் சாமி"ன்னு சொல்லிட்டு வந்துச்சு. வீட்டு வேலை பாக்கற யாருக்கும் ரேகை தேயாம இருக்காதுதான், ஒத்துக்கறேன், ஆனாலும் இது வேற.

சொசைட்டில அந்தக் காலத்துல பேட், அதாவது பால்ல எத்தனை கொழுப்புன்னு, பாக்கறதை நான் வாயைப் பொளந்துட்டு பாத்துட்டு நிப்பேன். டெஸ்டர் அண்ணன் ஒரு கண்ணாடிக் குழாய்ல 10 மில்லி ஆசிட் ஊத்துவாரு, அதுமேல 10.75 மில்லி பால், அப்புறம் 1 மில்லி ஆல்கஹால், கார்க்கைப் போட்டு குலுக்குவாரு, பால் அப்படியே காப்பித் தண்ணி கலர்ல மாறி குழாய் கை வைக்க முடியாம சுடும். அதை மிஷின்ல போட்டு சுத்துனா கொழுப்பு மட்டும் மஞ்சளா மேல வந்து நிக்கும், அந்தக் கோட்டைப் பாத்துத்தான் காசு. இப்ப எல்லாம் மிஷின்ல ஒரு சொட்டு உறிஞ்சி சீட்டு அடிச்சுக் குடுத்துருது, லிட்டர், பேட், எஸ்என்எப்ங்கற கொழுப்பு இல்லாத மத்த சத்து, ரேட்டு எல்லாம் வந்துரும்.

இந்த பேட்டுலதான் மாமாவுக்கும் அம்மாயிக்கும் தெனமும் சண்டை. பால்ல கொழுப்பு ஒரே மாதிரி இருக்காதுங்க, மொதல்ல வர்ற பால் தண்ணியா இருக்கும், கடைசியா ஒட்டப் பீச்சற பால்லதான் கொழுப்பு. அம்மாயி அந்தக் கடைசிப் பாலைப் பீச்சாது. கன்னை அவுத்து விட்டுரும். மாமா கத்துவாரு, "ஏம்மா, காசை முழுக்க கன்னுக்கு ஊத்தற, பக்கத்து ஊட்டுல நாலு புள்ளி ஏழு வருது, நமக்கு மூணே முக்கால்தான் வருது"ன்னு. அம்மாயி திருப்பி ஒரே பதில்தான், "அவளோட பாலுடா, நாம நடுவுல பூந்தவங்க". மாமா பேட்டை ஏத்தறதுக்கு சோளத்தட்டை நெறைய வெட்டிப் போடுவாரு, பச்சைப் புல்லைக் குறைப்பாரு, அதுல பேட் ஏறும் பால் எறங்கும், கணக்கு ஒண்ணுக்கு ஒண்ணு சரியாப் போயிரும்.

ஆனா அம்மாயி ஒண்ணும் கோயில் சிலை இல்ல, அதையும் சொல்லிரணும். காளங்கன்னு பொறந்தா மூஞ்சி சுண்டிரும். ஆறேழு மாசத்துல வியாபாரி வந்துருவாரு. ஏழெட்டு ஈத்து போட்டு சினை பிடிக்காத மாட்டையும் வித்துருக்கு. துண்டுக்கு அடில விரலைப் புடிச்சு விலை பேசறதை நான் பாத்துருக்கேன், அந்த விரல் பேச்சுல அம்மாயியை ஒரு வியாபாரியும் ஏமாத்துனதில்ல. மாடு எங்க போகுதுன்னு தெரிஞ்சேதான் குடுத்துச்சு. மூணு ஏக்கரா மேட்டாங்காட்டை வச்சுக்கிட்டு பால் இல்லாத மாட்டுக்கு தீனி போட முடியாது, இதுல நல்லவங்க கெட்டவங்கன்னு பேச ஒண்ணும் இல்ல. ஆனா மாட்டைத்தான் குடுக்கும், கயிறைக் குடுக்காது. எங்க பக்கம் அது வழக்கம், வாங்கறவன் புதுக் கயிறு கொண்டாந்து போட்டுத்தான் புடிச்சிட்டுப் போகணும். அந்தப் பழைய தும்பெல்லாம் கட்டுத்தரை மூலைல ஒரு ஆணில தொங்கும். வித்த அன்னிக்கு ராத்திரி அம்மாயி சோறு திங்காது, யாரும் கேக்கவும் மாட்டோம். போன வருசம் அந்த ஆணில எண்ணிப் பாத்தேன், 19 கயிறு.

2016ல வடகிழக்கு மழை சுத்தமா பொய்ச்சுப் போன வருசம் மட்டும் மூணு கயிறு ஏறுச்சு. கொறங்காட்டுல கொழுக்கட்டைப் புல்லு வேரோட கருகிருச்சு, எங்கிருந்தோ லாரில வந்த வைக்கோலை கட்டுக்கணக்குல வாங்கி, அதுலயும் பாதி மக்குன கட்டு. அந்தச் சமயத்துல சொசைட்டில பட்டுவாடா வேற நாலு வாரம் அஞ்சு வாரம்னு பாக்கி விழுந்துச்சு, தவிடு கடைக்காரரு கடன் குடுக்க மாட்டேன்னுட்டாரு. அப்பக்கூட அம்மாயி தனியார் பால் வண்டிக்கு மாறல. ஏன்னு கேட்டேன். "அவன் நாளைக்கு வரலீன்னா யாரை நான் போயி கேக்கறது, சொசைட்டின்னா உள்ளூர்ல ஒரு செவுரு இருக்குது, அது முன்னாடி நின்னு கத்தலாம்"னுச்சு. கத்தவும் செஞ்சுச்சு. போர்டு மீட்டிங்ல ஒரு தடவை போயி நின்னு கேட்டுச்சாம், அங்க இருந்த பத்துப் பேர்ல பாதிப் பேரு வீட்டுல மாடே இல்லைன்னு.

நோய் பாக்கறதுலயும் கெட்டி. 2022ல தோல் கழலை நோய் வந்தப்ப எங்க செவலை மாட்டுக்கு உடம்பெல்லாம் கட்டி கட்டியா எழும்பிருச்சு. கால்நடை டாக்டர் வந்து ஊசி போட்டாரு, கூடவே வெத்தலை, மொளகு, உப்பு, வெல்லம் வச்சு அரைச்சு நாக்குல தடவச் சொன்னாரு. "இதை நான் உங்களுக்குச் சொல்லணும், நீங்க எனக்குச் சொல்றீங்ளா"ன்னு அம்மாயி சிரிச்சுச்சு. தஞ்சாவூர்ல கால்நடைப் பல்கலைக்கழகத்து பேராசிரியர் புண்ணியமூர்த்தி ஐயா இந்த மாதிரி மூலிகை மருந்தையெல்லாம் முறைப்படுத்தி ஊர் ஊராச் சொல்லிக் குடுத்தாரு, மடி நோய்க்கு சோத்துக்கத்தாழை, மஞ்சத்தூள், சுண்ணாம்பு அரைச்சு போடறது எல்லாம். அம்மாயி ஒரு பக்கம் அந்தக் கத்தாழையை அரைக்கும், இன்னொரு பக்கம் டாக்டருக்கு போன் போடச் சொல்லும். ரெண்டுல எதையும் விடாது.

இதை எழுதறப்ப இன்னொண்ணு ஞாபகம் வருது. 2012 செப்டம்பர்ல வர்கீஸ் குரியன் இறந்தப்ப பேப்பர்ல படத்தோட பெருசா வந்துச்சு. நான்தான் திண்ணைல உக்காந்து அம்மாயிக்கு படிச்சுக் காட்டுனேன். கோழிக்கோட்டுல பொறந்தவரு, மெட்ராஸ்ல லயோலாலயும் கிண்டிலயும் படிச்சவரு, 1949ல குஜராத்துல ஆனந்துக்குப் போயி அங்கயே தங்கிட்டாரு, இப்ப நீ ஊத்தற சொசைட்டி மாதிரி நாடு பூரா வந்ததுக்கு இவருதான் காரணம்னு. அம்மாயி போட்டோவையே பாத்துட்டு "எத்தனை மாடு வச்சிருந்தாரு"ன்னு கேட்டுச்சு. மாடெல்லாம் இல்ல அம்மாயி, இன்ஜினியரு, அதுவுமில்லாம அவருக்குப் பாலே புடிக்காதாம், குடிக்க மாட்டாராம்னேன். "அது என்ன பெரிய அதிசயம், நான் மட்டும் என்ன குடிக்கறனா"ன்னுச்சு.

நெசந்தாங்க. எங்க வீட்டுல ஒறம்பரை வந்தா பால் காப்பி, நாங்க லீவுக்குப் போனா பால் காப்பி, அம்மாயிக்கு எப்பவும் வரக்காப்பிதான், கருப்பட்டி போட்டு. 45 வருசமா பாலை கையில புடிச்சவ நாக்குல வச்சது கம்மி. ஒரு சொம்பு பால் நின்னா வாரப் பட்டுவாடால அது தெரியும்ங்கறது கணக்கு. காட்டுல வர்ற கடலையும் சோளமும் வருசத்துக்கு ஒருக்கா, அதுவும் மழை பேஞ்சா. வாராவாரம் காசுன்னா பால் காசுதான். எங்கம்மா நர்சிங் படிச்சது அதுல, மாமா மொதல் டிவிஎஸ் பிப்டி வாங்குனது அதுல, தண்ணி வராத ரெண்டு போர்வெல் போட்டதும் அதுலதான். தீவாளிக்கு எல்லாருக்கும் துணி எடுக்கறது சொசைட்டி போனஸ்ல. இதுல அப்புச்சி சம்பாத்தியம் எதுன்னு நாங்க யாரும் கேட்டதில்ல, குடும்பத் தலைவர்ங்கற கட்டத்துல அவரு பேரு இருந்துச்சு, அது போதும்னு இருந்துட்டோம்.

ஒறம்பரை வீட்டுல ராத்திரி தங்குனதே இல்ல. எங்கம்மா கல்யாணம் காங்கேயத்துல மண்டபத்துல, காலைல பால் ஊத்திட்டு வந்துச்சு, தாலி கட்டுனதும் அரைச் சாப்பாட்டோட எந்திரிச்சு மத்தியான பஸ் புடிச்சு போயிருச்சு. கல்யாண ஆல்பத்துல சாயங்கால போட்டோ எதுலயும் பொண்ணோட அம்மா இல்ல. நான் பொறந்தப்ப ஆஸ்பத்திரிக்கு வந்ததும் ரெண்டு கறவைக்கு நடுவுலதான். என்னைத் தூக்குனதும் மொதல் வார்த்தை "கைல மாட்டு வாசம் அடிக்குது, புள்ளைக்கு ஆகுமா"ன்னு நர்சைக் கேட்டுச்சாம்.

போன பட்டிப் பொங்கல் அன்னிக்கும் வழக்கம் மாதிரிதான் இருந்துச்சு. சாணில சின்னதா தெப்பக்குளம் கட்டி, தண்ணி ஊத்தி, கன்னை மிதிக்க விட்டு, "பட்டி பெருக, பால் பானை பொங்க, நோவும் பிணியும் தெருவோட போக"ன்னு மூணு சுத்து சுத்தி வந்துச்சு. அதுக்கு அஞ்சாம் நாள் காலைல பால் பீச்சி, ஊத்திட்டு வந்து, போசியைக் கழுவிக் கமுத்திட்டு திண்ணைல உக்காந்து நெஞ்சைக் கரிக்குதுன்னுச்சு. ஆட்டோ வர்றதுக்குள்ள முடிஞ்சிருச்சு.

சென்னைல இருந்து சித்தி வரணும்னு எடுக்கறதை மறுநாளுக்கு வச்சிருந்தோம். சாயங்காலம் நாலரைக்கு செவலை கத்த ஆரம்பிச்சுச்சு. வாசல்ல ஒப்பாரி, பந்தல், சேர் எறக்கற சத்தம், அதுக்கும் மேல மாடு கத்துது. கறக்காம விட்டா மடி கட்டிக்கும், அது எழவு வீடுன்னு பாக்காது. மாமா போனாரு, காலைத் தூக்கி ஒதைச்சிருச்சு. பக்கத்து வீட்டு அக்கா போனாங்க, கிட்டயே விடல. கடைசில அத்தைதான் அம்மாயி காலைல அவுத்துப் போட்ட சேலையை எடுத்து சுத்திக்கிட்டு போயி உக்காந்தாங்க. செவலை திரும்பி மோந்து பாத்துச்சு. ரெண்டு நிமிசம் அப்படியே நின்னுச்சு. அப்புறம் விட்டுச்சு, முழுசா விடல, பாதிதான் விட்டுச்சு. அத்தை மூக்கை உறிஞ்சிக்கிட்டே பீச்சுனாங்க. அந்தப் பாலை என்ன பண்றதுன்னு யாருக்கும் தெரியல, நான்தான் தூக்கிட்டு சொசைட்டிக்குப் போனேன். செயலாளர் என்னைப் பாத்துட்டு ஒண்ணுமே கேக்காம 47ன்னு அடிச்சாரு.

அந்தச் சீட்டு என்கிட்ட இருக்கு. 2.6 லிட்டர். பேட் 3.1. ஒட்டப் பீச்சாத பால், வேற எப்படி வரும். அம்மாயி பாத்திருந்தா மானம் போச்சுன்னு சொல்லியிருக்கும்.

வர்ற தை மாசம் முதலாமாண்டு நினைவஞ்சலி விளம்பரம் உங்க பேப்பர்லயே குடுக்கறோம், மாமாகிட்டயும் சொல்லிட்டேன். இந்தத் தடவை "பால் உற்பத்தியாளர், உறுப்பினர் எண் 47, 1980 முதல் 2025 வரை"ன்னு எழுதிக் குடுப்பேன், விளம்பரப் பிரிவுல இருக்கறவங்க இது என்னமோ தப்பா வந்திருக்குன்னு எடுத்துற வேண்டாம்னு முன்கூட்டியே சொல்லி வைக்கறேன். போட்டோவும் மாத்தறோம். மாமா போன்ல ஒண்ணு இருக்கு, கைல போசியோட, பக்கத்துல செவலை. மாட்டு மூஞ்சி பாதிதான் விழுந்திருக்கு, கொஞ்சம் மங்கலாவும் இருக்கு. எடம் பத்தலைன்னா கீழ இருக்கற மகன் மருமகள் பேரன் பேத்தின்னு எங்க பேரையெல்லாம் வெட்டிருங்க, மாட்டை மட்டும் வெட்டிறாதீங்க.

இப்படிக்கு,
ஒரு பேத்தி,
திருப்பூர்.